மணிவேல் பேரில் ஒரு ஈசிஜி

சென்னை
11.6.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

அருணா எழுதுவது. இங்கே நான் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணி சுகமா? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா? மூன்று கேள்விக்கும் பதில் வராவிட்டால் அடுத்த கடிதத்தில் ஒரு சேதியும் சொல்லமாட்டேன்.

அண்ணா, நேற்று ஆய்வகத்தில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்தெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். போன மாதம் நீ சாக்கில் கட்டி அனுப்பிய பாம்புக்களா வேரைக் காயவைத்து, இடித்து, ஊறவைத்து, வடித்து, மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் கண்ணாடிக் குடுவையின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் வந்து நின்றது. அதன் பெயர் அஜ்மலின். நம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஆடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்துபோகும் செடிக்குள் இத்தனை நாளும் அது இருந்திருக்கிறது.

அது என்ன செய்யும் என்று கேட்பாய். நம் இதயத்துக்குள் மெல்லிய மின்சாரம் ஒன்று ஓடுகிறது. அதனால்தான் தாளம் தப்பாமல் துடிக்கிறது. இந்த மருந்து அந்த மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். முன்பு தாளம் தவறிய இதயத்துக்கு இதைக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது ஆராய்ச்சியில் வேறொரு வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். சிலருக்கு அந்த மின்சாரத்தில் பிறவியிலேயே ஒரு குறை இருக்கும். சாதாரண ஈசிஜியில் அது ஒளிந்துகொள்ளும். அஜ்மலினை ஊசி வழியாக மெதுவாக ஏற்றினால் பத்து நிமிடத்துக்குள் குறை வெளியே வந்துவிடும். எங்களுக்கு எதிரே உள்ள ஆஸ்பத்திரியில் தமிழ்மணி என்ற டாக்டரம்மா இதைச் செய்கிறார். ஊசி மருந்து வெளிநாட்டிலிருந்து குப்பியில் வருகிறது. நம் மலை வேரில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது என் வேலை.

யாரும் வேரை மென்று பார்க்கவேண்டாம். ஆளையே கொன்றுவிடும். உன் கூட்டாளி சின்னராஜ் அண்ணனிடம் இதை இரண்டு தடவை சொல்.

இன்னொன்று. அந்தக் குறை உள்ளவர்கள் பெரும்பாலும் நோய்நொடி இல்லாத ஆண்களாம். ஓய்வாகப் படுத்திருக்கும்போது போய்விடுகிறார்களாம். கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. உனக்கும் வரும்.

பாசமுள்ள தங்கை,
அருணா

புதூர்நாடு
24.6.2023

பாப்பாவுக்கு அண்ணன் மணிவேல் எழுதிக்கொள்வது.

முதலில் உன் மூன்று கேள்வி. அம்மாவுக்குக் காலையில் முழங்கால் வலிக்கிறது. பலாப்பழம் வெட்டுகிற சத்தம் கேட்டால் வலி போய்விடுகிறது. உன் அண்ணி நலம், என்னைத் திட்டும் அளவுக்கு நலம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், திரும்பியும் வந்துவிடுகிறார்கள்.

ஊருக்குள் போன் இன்னும் விளையாட்டுச் சாமான்தான். கொண்டை ஊசி வளைவில் நின்றால் டவர் கிடைக்கிறது, அங்கே நின்றால் லாரிக்காரன் திட்டுகிறான். நீ ஆறாம் வகுப்புக்கு ஹாஸ்டல் போன நாளிலிருந்து நமக்குக் கடிதம்தானே, அதுவே இருக்கட்டும்.

நீ எழுதியதை ஜீப் ஸ்டாண்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சின்னராஜ் காதில் கை வைத்துக் கேட்டான். "இன்னாண்ணே, நாம வேலி ஓரமா வெட்டிப் போடறத வச்சிக்கினு அருணா டாக்டர் ஆவுதா" என்றான். டாக்டர் பட்டம் வேறு, ஊசி போடும் டாக்டர் வேறு என்று விளக்குவதற்குள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இதோடு வரும் மூட்டை அவன் தோண்டியது. பக்கவேரை மட்டும் எடுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு வந்திருக்கிறான், செடி பிழைத்துக்கொள்ளும்.

அவன் தோண்டப் போயிருந்தபோது, ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகும் அவன் நடை வந்துவிட்டது. நம் ஸ்டாண்டு வழக்கம் உனக்குத் தெரியும். காலையில் பலகையில் எழுதிய பேர் சாயங்காலம் வரை மாறாது. ஆள் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவன் அவன் பேரில் போய்வருவான். அன்று திருப்பத்தூருக்கு இரண்டு நடை நான் சின்னராஜாகப் போய்வந்தேன்.

நீ கத்தியதைக் கேட்க நான் அங்கே இல்லையே என்று இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "பொம்பளப் புள்ள அப்படிக் கத்தலாமா" என்றாள். பிறகு பக்கத்து வீட்டு ஜெயம்மாளிடம் போய் அவளே பெருமையடித்துவிட்டு வந்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
மணிவேல்

சென்னை
9.7.2023

அண்ணாவுக்கு,

வேர் மூட்டை பத்திரமாக வந்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம். எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது.

சின்னராஜ் அண்ணனிடம் சொல், அவர் தோண்டிய வேரில் நான் இதுவரை அளந்த வேறு எந்த ஊர் வேரையும்விட இரண்டு மடங்கு அஜ்மலின் இருக்கிறது. எங்கள் பேராசிரியர் நம்பாமல் மறுபடி அளக்கச் சொன்னார். மறுபடியும் அதே அளவுதான் வந்தது. மூன்றாவது முறை அவரே உட்கார்ந்து அளந்தார். எழுந்தவர் நேரே கான்டீனுக்குப் போய் எல்லோருக்கும் டீ சொன்னார். அவர் டீ வாங்கிக் கொடுத்து இந்தக் கட்டிடத்தில் யாரும் பார்த்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தேன். நீ அதற்கு ஒரு வரி எழுதவில்லை.

டாக்டரம்மாவிடம் அப்பா போனதைச் சொன்னேன். சாமை அறுப்பு முடித்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, புளியமரத்து நிழலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன் ஒரு தலைவலிகூட இல்லை. டாக்டரம்மா கேட்டுவிட்டு, "உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பார்க்கவேண்டுமே" என்றார். எனக்கு உடனே ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. மிச்சம் நீ. அப்பா போனபோது எனக்கு ஒன்பது, உனக்கு இருபத்திரண்டு. இப்போது உனக்கு நாற்பத்தொன்று.

ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை, புதூர்நாடு பள்ளிக்கூடத்தில் இந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் இதயப் பரிசோதனை முகாம் போடுகிறார்கள். எனக்கு அன்று இங்கே வேலை, வர முடியாது. ஆனால் உன் பெயர், வயது, அப்பா பெயர் எல்லாம் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டியலில் நீ பதினேழாவது ஆள். கூப்பிட்டால் போய்ப் படுக்க வேண்டியதுதான். ஐந்து நிமிடம் ஆகும், வலிக்காது.

போவாய் அல்லவா? போகிறேன் என்று எழுது.

அன்புடன்,
அருணா

புதூர்நாடு
17.8.2023

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் சுகம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மழையில் ரோடு இரண்டு இடத்தில் சரிந்தது.

முகாமுக்குத் திருவிழாக் கூட்டம். ஜெயம்மாள் நெஞ்சில் ஒட்டிய வயரைப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டுல இன்னும் கரண்டே ஒழுங்கா வர்றதில்ல, எனக்கு எதுக்கும்மா கரண்டு" என்றாள். நர்ஸ் பெண் சிரித்த சிரிப்பில் கோடு தாறுமாறாக வந்து, மறுபடி எடுத்தார்கள். காகிதத்தில் தன் இதயத்தைப் பார்த்த ஆளெல்லாம் அதை வீட்டுக்குக் கேட்டு ஒரே சண்டை.

மணிவேல் பேரும் கூப்பிட்டார்கள், ஈசிஜியும் எடுத்தாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. இனி உனக்கு மனசு ஆறும்.

அதைவிடப் பெரிய சேதி கேள். அன்றைக்கே மேலூர்ப் பெண் ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திருப்பத்தூர் இறங்கினேன். ரோட்டில் கல் கிடந்தது. அவள் புருஷன் இறங்கி இறங்கித் தள்ளினான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்ற கால்மணியில் ஆண்பிள்ளை. பிள்ளைக்கு என் பேரை வைக்கிறேன் என்றார்கள், அவசரப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேர் இன்னும் வேண்டுமா? எழுது.

மணிவேல்

சென்னை
3.9.2023

என் அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை. உட்கார்ந்து படி. அம்மாவிடம் காட்டாதே.

முகாமில் எடுத்த அறுபத்து நான்கு ஈசிஜியையும் டாக்டரம்மா பார்த்தார். அறுபத்து மூன்றை ஓரமாக வைத்தார். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பதினேழாவது. மணிவேல், 41, தந்தை பெயர் ராஜாக்கண்ணு.

மார்பின் வலப்பக்கத்துக் கோடுகளில் குதிரைச் சேணம் மாதிரி ஒரு வளைவு இருக்கிறது. இதுவே முடிவு இல்லை, சந்தேகம்தான். அஜ்மலின் ஏற்றிப் பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். பயப்படாதே, பக்கத்திலேயே எல்லாக் கருவியும் வைத்துக்கொண்டு டாக்டர் கூடவே இருந்துதான் ஏற்றுவார்.

அண்ணா, அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரே பயம். அதே நேரம் ஒரு சந்தோஷம், சொன்னால் பைத்தியம் என்பாய். அப்பாவுக்கு யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. உனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது. நான் வேரை இடித்த இடியெல்லாம் இதற்காகத்தானோ என்றுகூட நினைத்தேன்.

அதுவரை வண்டி ஓட்டாதே. காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடச் சும்மா இருக்காதே, உடனே குறைக்க வேண்டும், உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலில்தான் இந்தக் குறை தலைதூக்கும்.

அடுத்த புதன்கிழமை நாள் வாங்கியிருக்கிறேன். பஸ் ஏறு.

அருணா

சென்னை
18.9.2023

அண்ணா,

நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். புதன்கிழமை போய், அடுத்த புதன்கிழமையும் போய்விட்டது. நீயும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. உன் போன் அடிக்கவே இல்லை.

ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லேண்ட்லைன் உள்ள அர்ச்சுனன் கடைக்குப் போன் போட்டேன். நல்லவேளை, சின்னராஜ் அண்ணன் அங்கே இருந்தார். ஈசிஜி விஷயம் சொன்னால் அரைமணியில் அம்மா காதுக்குப் போய்விடும் என்று அதைச் சொல்லவில்லை. அப்பாவுக்கு வந்தது உனக்கும் வரலாம் என்று டாக்டர் சந்தேகப்படுகிறார், நீ வண்டி ஓட்டக்கூடாது என்று மட்டும் சொன்னேன். உடனே அவர், "நீ கவலப்படாதம்மா. அவர ஸ்டீரிங்க தொட வுடமாட்டேன். அவர் நடையும் சேத்து நானே ஓட்டிக்கறேன். அவருக்கு ஒன்னுன்னா எனக்கு இன்னா வாழ்க்க" என்றார்.

போனை வைத்துவிட்டு அழுதேன். அப்படி ஒரு மனிதர் உன் பக்கத்தில் இருக்கிறார். நீ என்னவென்றால் கூடப்பிறந்தவளுக்கு இரண்டு வரி எழுதமாட்டேன் என்கிறாய். உனக்கு என் மேல் என்ன கோபம்?

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் நானே வந்து உன்னைக் கையோடு இழுத்துவருவேன்.

அருணா

புதூர்நாடு
25.9.2023

பாப்பா,

எனக்கு உன் மேல் கோபம் இல்லை. நீ என் மேல் கோபப்படப் போகிறாய், படு.

அந்த ஈசிஜி என்னுடையது இல்லை. சின்னராஜுடையது.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். முகாம் அன்று பதினாறாவது பேரைக் கூப்பிட்டபோது நான் பள்ளிக்கூட வாசலில்தான் நின்றிருந்தேன். அப்போது அந்த மேலூர்ப் பெண்ணின் புருஷன் ஓடிவந்தான். பலகையில் அடுத்த நடை சின்னராஜுடையது. அவன்தான் போயிருக்க வேண்டும். நான் முந்திக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன். உள்ளே மணிவேல் மணிவேல் என்று கூப்பிடுவது என் காதில் நன்றாக விழுந்தது. விழுந்த பிறகுதான் சாவியைத் திருகினேன்.

சின்னராஜ் என்ன செய்வான்? என் முறை வருகிறது, ஆள் இல்லை, தன் நடைக்கு நான் போயிருக்கிறேன். என் முறைக்கு அவன் போய்ப் படுத்துவிட்டான். வயதும் அப்பா பேரும் நீ எழுதிக் கொடுத்ததே தாளில் இருந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து, "உன் பேருல நான் போயிட்டேன்ணே, கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணலா வந்துட்ச்சி" என்றான். ஏமாற்றுவதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது. இருந்தும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். உனக்கும் 'எடுத்தாச்சு' என்று எழுதினேன். நான் எடுத்தேன் என்று எழுதவில்லை, போய்ப் பார்.

உன் மூன்றாம் தேதிக் கடிதம் வந்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சின்னராஜுக்கு முப்பத்தாறு வயது. சின்னப் பிள்ளைகள் இரண்டு. சொன்னால் வண்டி போய்விடும், அவனுக்கு வண்டியை விட்டால் வேறு தெரியாது. சொல்லாவிட்டால் என்ன என்றும் நினைத்தேன். அது சந்தேகம்தானே, முடிவு இல்லையே என்று உன் வரியையே பிடித்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

இதற்குள் நீ அவனிடம் பேசிவிட்டாய். அன்றிலிருந்து என்னைக் கிட்டே விடுவதில்லை. என் நடையும் அவன் நடையும் சேர்த்து, ஒரு நாளைக்கு நாலு தடவை மலை இறங்கி ஏறுகிறான். என்னைக் காப்பாற்றுகிறானாம். நேற்று மதியம் இறங்கி வந்தவன் முகமெல்லாம் வியர்வை. "நீ போய்ப் படுண்ணே" என்கிறான் என்னிடம்.

இன்று காலை இரண்டு சாவியையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கிறான். என்ன சொல்வது என்று எழுது.

மணிவேல்

சென்னை
30.9.2023

அண்ணா,

என்ன சொல்வதா? உள்ளதைச் சொல். இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே எழுந்து போய்ச் சொல். அவர் மனைவி மஞ்சுளா அண்ணியும் கூட இருக்கட்டும். அவர் உன் கூடவே கிளம்பி வரவேண்டும்.

உன்னைத் திட்ட நிறைய இருக்கிறது. மூன்று வாரம், அண்ணா. அந்த மூன்று வாரத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்திருந்தால்? திட்டை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

டாக்டரம்மாவிடம் பெயர் மாறியதைச் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டு, "பேர் யாருடையதாக இருந்தால் என்ன, இதயம் ஒன்று தவிக்கிறது, கூட்டி வாருங்கள்" என்றார். வெள்ளிக்கிழமை நாள்.

வந்து சேருங்கள்.

அருணா

சென்னை
22.10.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

சின்னராஜ் அண்ணனும் மஞ்சுளா அண்ணியும் பத்திரமாக வீடு சேர்ந்த சேதி கிடைத்தது. அம்மா நலம் என்றும் அறிந்தேன். அவர்களைக் கூட்டிவந்த அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி நீ ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிவிட்டாய். அம்மாவுக்குக் காய்ச்சலே வரவில்லை என்று நம் வீட்டு அண்ணி சொன்னார். அது இருக்கட்டும்.

நீ பார்க்காததை நான் பார்த்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. ஊசி ஏற ஆரம்பித்தபோது திரையில் கோடு சாதாரணமாக ஓடியது. சின்னராஜ் அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "வேர் கசக்குமே, ஊசியில இன்னா ருசியே தெரில" என்றார். மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. ஆறாவது நிமிடத்தில் அந்தக் கோடு மேலே எழும்பி, சரிந்து, நான் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த வடிவத்தில் நின்றது. டாக்டரம்மா உடனே மருந்தை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கோடு பழையபடி ஆனது. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மனிதருக்குள் ஒளிந்திருந்ததை ஒரு செடியின் சரக்கு வெளியே கூட்டிவந்துவிட்டது, அண்ணா. நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார். போன வருடம் காய்ச்சலில் ஓடைக்கரையில் நினைவில்லாமல் விழுந்து கிடந்தாராம். மஞ்சுளா அண்ணி காற்று சேட்டை, பேய் வேலை என்று வேப்பிலை அடித்தாராம். அதைக் கேட்டதும் டாக்டரம்மா தாமதிக்கவில்லை. நெஞ்சுத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவு கருவி வைத்துவிட்டார்கள். இதயம் தாளம் தவறினால் அதுவே உள்ளே ஓர் அடி கொடுத்துச் சரியாக்கும். ஆனால் ஜீப் ஓட்டக்கூடாது. இதைச் சொன்னபோது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

இனி உன் முறை. அந்தக் காகிதம் உன்னுடையது இல்லை என்றால் உன் காகிதம் எங்கே? இதுவரை உனக்கு யாரும் பார்க்கவே இல்லை. எப்போது வருகிறாய்?

அருணா

புதூர்நாடு
21.1.2024

பாப்பாவுக்கு,

பொங்கல் நல்லபடி நடந்தது. எல்லோரும் சுகம். இடையில் நீ எழுதிய நாலு கடிதமும் வந்தன. நாலுக்கும் சேர்த்து இது.

மூன்று மாதமாக மஞ்சுளா என்னோடு பேசவில்லை. சென்னையிலிருந்து வந்த புதிதில் ஒரு தடவை பேசினாள். "உங்க பேருல போய்ப் படுத்தவரு வண்டியில்லாம உக்காந்துக்கினு கீறாரு, நீங்க ஓட்டிக்கினு கீறீங்க" என்றாள். சின்னராஜ் ஸ்டாண்டில் பலகை எழுதுகிறான். ஆளை ஏற்றி அனுப்புகிறான். என் முகத்தைப் பார்த்து முன்போலச் சிரிக்கிறான், அதுதான் தாங்கவில்லை.

முந்தாநாள் அவன் மாமனார் தோட்டத்தில் புளி உலுக்கினோம். அவனுக்குக் காலையிலேயே உடம்பு சுட்டிருக்கிறது, சொல்லவில்லை. நான் மேலே, அவனும் மஞ்சுளாவும் கீழே சாக்கு விரித்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று சத்தமே இல்லாமல் குப்புற விழுந்தான். நான் மரத்திலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது, தொடையெல்லாம் சிராய்ப்பு. புரட்டினேன். கண் செருகி இருந்தது. அப்பா முகம் அப்படித்தான் இருந்தது, பாப்பா.

அப்போது அவன் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. அவ்வளவுதான். கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். "எவன்டா அது எட்டி ஒதச்சது" என்றான். நானும் மஞ்சுளாவும் அவனைப் பிடித்துக்கொண்டு அழுகிறோம், அவன் எங்களைத் தள்ளிவிட்டு யார் உதைத்தது என்று தேடுகிறான்.

உடனே கீழே கொண்டுபோய்க் காய்ச்சலுக்கு ஊசி போட்டோம். கருவிதான் அடித்திருக்கிறது என்று அங்கேயும் சொன்னார்கள். இல்லாவிட்டால் அந்தச் சாக்கின் மேலேயே முடிந்திருக்கும்.

திரும்பும்போது ஜீப்பில் மஞ்சுளா பின்னால் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதம் கழித்து என்னிடம் வாய் திறந்தாள். "நீங்க எப்பண்ணா பாத்துக்கப் போறீங்க?" என்றாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்களுக்கும் ரெண்டு புள்ளைங்க கீது" என்றாள்.

ஐந்தாம் தேதி வருகிறேன். சின்னராஜும் கூட வருகிறானாம். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. நான் வழியில் இறங்கி ஓடிவிடுவேன் என்று பயப்படுகிறான்.

மணிவேல்

புதூர்நாடு
12.2.2024

என் அருமைத் தங்கைக்கு,

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு நீ கொடுத்த தைலம் கொடுத்தேன். டாக்டரம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அங்கே வைத்துச் சொல்லாததை எழுதுகிறேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் நீ திரையைப் பார்த்தாய், நான் உன் முகத்தைப் பார்த்தேன். ஆறாவது நிமிடம் வந்தபோது உன் உதடு நடுங்கியது. ஏழு, எட்டு, ஒன்பது. பத்து முடிந்ததும் டாக்டரம்மா, "மணிவேல், உங்களுக்கு இது இல்லை" என்றார். அப்பாவுக்கு எது வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது, ஆனால் எனக்கு இது இல்லை என்றார். நீ குழந்தைபோலக் குதித்தாய். வெளியே வந்து சின்னராஜிடம் சொன்னேன். எனக்கு இல்லை, உனக்கு இருக்கிறது என்று சொல்ல எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா? அவன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "நல்லதாப் போச்சிண்ணே. ரெண்டு பேருக்கும் இருந்தா வண்டிய யாரு ஓட்றது" என்றான். முழுதாகச் சிரித்தான். நான்தான் அழுதேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வண்டி போய்விடும் என்றுதான் பரிசோதனைக்குப் பயந்தேன் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டேன். அப்பா போன நாளிலிருந்து இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட நான் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்ததில்லை. கண் சொருகினால் எழுந்து போய் வண்டியைத் துடைப்பேன். வாய்விட்டுக் கேட்டால் ஆமாம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். உன் அண்ணிக்குக்கூடத் தெரியாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சாமைச் சோறும் கறியும். சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்தேன். உடம்பு கட்டையாகிவிட்டது, அப்படி ஒரு தூக்கம். கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அம்மா முழங்காலை நீட்டிக்கொண்டு என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை என் மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி வைத்திருந்தாளோ.

"இன்னாம்மா" என்றேன்.

கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒன்னுமில்ல. நீ தூங்கு" என்றாள்.

மறுபடி தூங்கினேன்.

உன் அண்ணன்,
மணிவேல்